முதல் சந்திப்பில் பண்பாட்டை எப்படிக் கேட்பது? மனநல மதிப்பீடு, சிகிச்சை: விவாத இழை

கோடைமழை எழுதியது:

மனநலப் பயிற்சிக் கையேடு எதைப் புரட்டினாலும் "நோயாளியின் சமூக, பண்பாட்டுப் பின்னணியைக் கணக்கில் எடுக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். அதோடு சரி. எப்படி எடுப்பது, என்ன கேட்பது, கிடைக்கிற பதிலை வைத்துச் சிகிச்சையில் எதை மாற்றுவது என்று அடுத்த வரி இருக்காது. படிவத்தில் மதம், தாய்மொழி, பிறந்த ஊர் என்று மூன்று கட்டம். நிரப்பியதும் பண்பாடு முடிந்தது.

புதிதாகச் சேரும் ஆலோசகர்களுக்கு ஒரு வழிகாட்டி எழுதும் வேலை நடக்கிறது. முதல் சந்திப்பு 45 நிமிடம். அதற்குள் செய்ய முடிகிறதை மட்டும் சொல்லுங்கள். தத்துவம் வேண்டாம். கேள்வி, வரிசை, எங்கே சறுக்கும் என்பது, இவ்வளவுதான் வேண்டும்.

மனப்பதிவு எழுதியது:

முதல் வேலையாக அந்த மூன்று கட்டத்தையும் நம்புவதை நிறுத்துங்கள். தாய்மொழி தெரிந்ததால் ஒருவர் தன் நோயை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடாது. ஒரே வீட்டில் அப்பா சொல்லும் காரணம் ஒன்று, மகள் சொல்லும் காரணம் இன்னொன்று.

கருவிக்குப் பஞ்சமில்லை. 1978-இல் கிளைன்மன், ஐசன்பெர்க், குட் மூவரும் எழுதிய கட்டுரை, நோயாளியின் சொந்த விளக்கத்தைக் கேட்டு வாங்கும் கேள்விகளைக் கொடுத்தது: இது எதனால் வந்தது, ஏன் அந்த நேரத்தில் ஆரம்பித்தது, உங்களை என்ன செய்கிறது, எவ்வளவு நாள் இருக்கும், என்ன சிகிச்சை கிடைக்க வேண்டும், எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள் என்கிற போக்கில். 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு) அதை விரித்து 16 கேள்வி கொண்ட நேர்காணலாக்கியது. 1 முதல் 3 வரை, பிரச்சினையை அவர் எப்படிச் சொல்கிறார். 4 முதல் 10 வரை காரணம், துணை, நெருக்கடி, அடையாளம். 11 முதல் 13 வரை இதுவரை எப்படிச் சமாளித்தார், எங்கெல்லாம் போனார், எது தடுத்தது. 14 முதல் 16 வரை இப்போது என்ன உதவி வேண்டும். கூட வருபவரிடம் கேட்கத் தனி வடிவமும் உண்டு.

16-ஐயும் கேட்டால் பாதி நேரம் போய்விடும். நேரம் இல்லையென்றால் என் பரிந்துரை இந்த ஐந்து:

2-ஆம் கேள்வி: இதை வீட்டாரிடமோ நண்பரிடமோ சொல்வதானால் எப்படிச் சொல்வீர்கள்?
3: இதில் உங்களை அதிகம் வாட்டுவது எது?
5: உங்களைச் சுற்றியிருப்பவர்கள் இது எதனால் வந்தது என்று நினைக்கிறார்கள்?
12: இதற்காக இதுவரை யாரிடமெல்லாம் போனீர்கள், எது உதவியது, எது உதவவில்லை?
16: மருத்துவரும் நோயாளியும் வேறு வேறு பின்னணியில் வந்திருந்தால் சில சமயம் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்வார்கள். அப்படி ஏதாவது கவலை உங்களுக்கு இருக்கிறதா?

4-ஐ விட்டு 5-ஐ வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. "எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று நேரடியாகக் கேட்டால் மருத்துவர் ஒப்புக்கொள்ளும் பதில்தான் வரும்: வேலைப்பளு, தூக்கமின்மை. "மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டால், சொல்லக் கூச்சப்படும் காரணமும் அடுத்தவர் பெயரில் வெளியே வந்துவிடும். செய்வினை, பாவம், பரம்பரை ரத்தம், காதல் தோல்வி எதுவானாலும்.

அடிக்கடி நடக்கும் தவறு: "உங்கள் பண்பாட்டில் இதை எப்படிப் பார்ப்பார்கள்?" என்று கேட்பது. எதிரே இருப்பவர் சட்டென்று ஒரு கூட்டத்தின் செய்தித்தொடர்பாளர் ஆகிவிடுவார், தன்னைப் பற்றிப் பேச மாட்டார். இன்னொன்று, முதல் நாள் பதிலையே இறுதியாக எடுத்துக்கொள்வது. முதல் நாள் பதில் மரியாதைக்குச் சொன்னது. மூன்றாம் சந்திப்பில் 5-ஐயும் 12-ஐயும் மறுபடி கேளுங்கள்.

கோடைமழை எழுதியது:

> மூன்றாம் சந்திப்பில் மறுபடி கேளுங்கள்

சரி, கேட்டாகிவிட்டது. பதிலை வைத்து என்ன மாறுகிறது? ஆலோசகர்கள் இங்கேதான் நிற்கிறார்கள். அழகாக எழுதி வைத்துவிட்டு, பிறகு எல்லோருக்கும் கொடுக்கும் அதே திட்டத்தைத்தான் கொடுக்கிறார்கள்.

மனப்பதிவு எழுதியது:

பதில் எதை மாற்ற வேண்டும் என்று முன்பே தெரியாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். சில உதாரணங்கள்.

"களைப்பினால் வந்தது, களைப்பு போனால் போய்விடும்" என்று நினைப்பவர், கொஞ்சம் தேறியதும் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்துவார். அவருக்கு முதல் நாளே இரண்டு கால அளவைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகலாம், முழுதாகத் தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும், மருத்துவரிடம் கேட்காமல் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரலாம். இரண்டாவது அளவைச் சொல்லாமல் விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

அதிகம் வாட்டுவது "வேலை போய்விடும்", "கல்யாணம் நின்றுவிடும்" என்றால், அறிகுறிப் பட்டியலுக்கு முன்னால் ரகசியக் காப்பைப் பேசுங்கள். மருத்துவக் கடிதம் யார் கைக்குப் போகும், அதில் நோயின் பெயர் இருக்குமா, போன் செய்தால் யார் எடுப்பார்கள், குறுஞ்செய்தியில் என்ன எழுதியிருக்கும். இதெல்லாம் சிகிச்சையின் பகுதி.

12-க்கான பதிலில் மூலிகை மருந்து வந்தால் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஏன் என்று மருந்துத் துறை நண்பர்கள் வந்து சொல்லட்டும்.

உளச்சிகிச்சைக்கும் இது பொருந்தும். பெனிஷ், குயின்டானா, வாம்போல்ட் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றிய சிகிச்சைகள் மாற்றாதவற்றைவிட நன்றாக வேலை செய்தன. எந்த மாற்றம் பலனைக் கூட்டியது என்று பிரித்துப் பார்த்தபோது நின்றது ஒன்றுதான்: நோய் எதனால் வந்தது என்ற நோயாளியின் விளக்கத்தோடு சிகிச்சையின் விளக்கம் ஒட்டுவது. கையேட்டில் படங்களின் உடையை மாற்றி, பெயர்களை மாற்றி அச்சடித்துவிட்டு "தகவமைத்தோம்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் நாற்காலி எழுதியது:

ஆலோசகரும் நோயாளியும் ஒரே மொழி பேசாத இடத்தில் அந்த ஐந்து கேள்வியும் இன்னொருவர் வாய் வழியாகப் போகின்றன. அங்கே கெட்டுப்போவது இப்படி.

வீட்டு ஆளை மொழிபெயர்க்க வைப்பது. குழந்தைகள் கூடவே கூடாது. கணவர் மொழிபெயர்த்தால் மனைவி வீட்டில் அடிவாங்குவது வெளியே வராது. தற்கொலை எண்ணத்தைப் பற்றிய கேள்வி பாதி வழியில் மழுங்கிவிடும்: "சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்பது "ரொம்பக் கவலையா?" ஆகிவிடும். பதில் "இல்லை" என்று திரும்பி வரும், கோப்பில் "ஆபத்து இல்லை" என்று ஏறும்.

தொழில்முறை மொழிபெயர்ப்பாளரிடம் வேறு ஆபத்து. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவரின் பேச்சு கோவையில்லாமல் தாவும்போது, தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் தன்னையறியாமல் அதைச் சீராக்கிப் பொருளுள்ள வாக்கியமாகக் கொடுப்பார். அதுதானே அவர் பிழைப்பு. மருத்துவர் காதில் விழுவது கோவையான பேச்சு, நோய் தப்பிவிடும்.

செய்ய வேண்டியது:

சந்திப்புக்கு முன் 5 முதல் 10 நிமிடம் மொழிபெயர்ப்பாளரோடு தனியாகப் பேசுங்கள். எதற்கான சந்திப்பு, என்ன கடினமான கேள்விகள் வரும், குழப்பமான பேச்சைக் குழப்பமாகவே தர வேண்டும், புரியாவிட்டால் "புரியவில்லை" என்றே சொல்ல வேண்டும். தற்கொலைக் கேள்வியின் வாசகத்தை அங்கேயே சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

உட்காரும்போது முக்கோணமாக. ஆலோசகரின் கண் நோயாளி மீது. "அவரிடம் தூக்கம் எப்படி என்று கேளுங்கள்" என்று சொல்லாமல் "உங்களுக்குத் தூக்கம் எப்படி?" என்று நேராகவே பேசுங்கள். ஒன்றிரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நேரத்தை இரட்டிப்பாக ஒதுக்குங்கள். கோடைமழையின் 45 நிமிடம் இங்கே 90.

முடிந்த பிறகு இன்னொரு 5 நிமிடம்: பேச்சின் வேகம் வழக்கமானதா, மரியாதைப் போக்கு வயதுக்குப் பொருத்தமா, எங்காவது சொல் தடுமாறியதா. ஆனால் "இவர்கள் ஊரில் இப்படித்தானா?" என்று மொழிபெயர்ப்பாளரைப் பண்பாட்டு நிபுணராக்கி முடிவு எழுதிவிடாதீர்கள். அவர் வேறு வர்க்கம், வேறு வட்டாரமாக இருக்கலாம்.

சிறிய சமூகமென்றால் மொழிபெயர்ப்பாளர் யார் என்பதே வாயை அடைத்துவிடும். பெயர் சொல்லாத தொலைபேசி மொழிபெயர்ப்பு அங்கே நேரில் வருவதைவிட நல்லது. தொடர் சந்திப்புகளுக்கு ஒரே ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிவிவரப் புலி எழுதியது:

பேச்சு மட்டுமா, வினாத்தாளும் மொழிபெயர்க்கப்பட்டதுதான். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 9 வினா, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27, வழக்கமான வெட்டுப்புள்ளி 10, அதாவது அதற்கு மேல் போனால் மனச்சோர்வு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது. பார்க்க எளிது. ஆனால் 5-ஆவது வினா பசியின்மையையும் அதிகம் சாப்பிடுவதையும் ஒன்றாகக் கேட்கிறது, 8-ஆவது மெதுவாவதையும் இருப்புக்கொள்ளாமல் அலைவதையும் சேர்த்துக் கேட்கிறது. வாய்மொழியாகக் கேட்கும் இடங்களில் மக்கள் பின்பாதிக்கு மட்டும் பதில் சொல்வார்கள். "கடந்த இரண்டு வாரத்தில் பாதி நாளுக்கு மேல்" என்று நாளை எண்ணிப் பதில் சொல்லும் பழக்கம் எல்லோருக்கும் கிடையாது. நடு இரண்டு கட்டமும் குழம்பி, பதில்கள் 0-க்கும் 3-க்கும் ஒதுங்கும்.

ஒழுங்கான முறை: இருவர் தனித்தனியாக மொழிபெயர்த்து ஒன்றாக்குவது, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திருப்பி மொழிபெயர்ப்பது, குழு உட்கார்ந்து ஒப்பிடுவது. பெரும்பாலான இடத்தில் வேலை இங்கேயே நின்றுவிடும். திருப்பி மொழிபெயர்த்தது மூலத்தோடு பொருந்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் அச்சாகப் பொருந்தும், படிப்பவருக்கு மட்டும் புரியாது. அதற்கு அடுத்த படிதான் உயிர்: பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு வினாவுக்கும் "இது என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், ஏன் இந்தக் கட்டத்தைத் தேர்ந்தீர்கள்?" என்று கேட்பது. பிறகு, மதிப்பெண் தெரியாத மருத்துவரின் நேர்காணலோடு ஒப்பிட்டு அந்த மக்களுக்கான வெட்டுப்புள்ளியைக் கண்டுபிடிப்பது. 10 என்பது வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல.

ஜப்பானில் கவனிக்கப்பட்ட ஒன்று: சி.இ.எஸ்-டி என்ற மனச்சோர்வு அளவுகோலின் 20 வினாவில் 4 நேர்மறையானவை, "மகிழ்ச்சியாக இருந்தேன்" போல. மகிழ்ச்சியை அடக்கிச் சொல்லும் வழக்கமுள்ளவர்கள் அதற்குக் குறைவாகக் குறிப்பார்கள். தலைகீழாகக் கூட்டும்போது மனச்சோர்வு மதிப்பெண் ஏறிவிடும். அந்த எண்ணை இன்னொரு நாட்டின் சராசரியோடு வைத்து "இங்கே மனச்சோர்வு அதிகம்" என்று தலைப்புப் போடுவார்கள். வினாக்கள் இரு பக்கமும் ஒரே மாதிரி இயங்குகின்றன என்று சோதிக்காமல் சராசரிகளை ஒப்பிடக் கூடாது.

வழிப்போக்கன் எழுதியது:

இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? சில சமூகங்களில் மக்கள் மனதைப் பற்றிப் பேசப் பழகவில்லை. எல்லாவற்றையும் உடல்வலியாகத்தான் உணர்கிறார்கள். தலைவலி, நெஞ்செரிச்சல், கைகால் குடைச்சல். அவர்களுக்குப் பேச்சுச் சிகிச்சை எடுபடாது, மாத்திரைதான் வழி.

மனப்பதிவு எழுதியது:

பரவலான நம்பிக்கைதான், ஆனால் தரவு வேறு சொல்கிறது. சைமனும் மற்றவர்களும் 1999-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு: 14 நாடுகள், 15 மையங்கள், மனச்சோர்வுள்ள 1146 பேர். மருத்துவரிடம் வந்த காரணமாக உடல் அறிகுறிகளை மட்டும் சொன்னவர்கள் 69 சதவீதம். மையத்துக்கு மையம் 45-இலிருந்து 95 வரை. அதே ஆட்களிடம் மனநிலையைப் பற்றி நேரடியாகக் கேட்டபோது, அப்படி ஒன்றும் இல்லை என்று மறுத்தவர்கள் 11 சதவீதம்தான்.

உணராமல் இல்லை, கேட்காததால் சொல்லவில்லை. உடல் அறிகுறி மட்டும் சொல்வது எங்கே அதிகம் என்று பார்த்தால், நோயாளிக்கென்று தொடர்ந்து பார்க்கும் மருத்துவர் இல்லாத மையங்களில். முகம் தெரியாத மருத்துவர், ஐந்து நிமிடம், வெளியே வரிசை: எந்த ஊர்க்காரரானாலும் தலைவலியைத்தான் சொல்வார்.

நடைமுறைக்கு: உடல் புகாரை முழுதாகக் கேட்டு, பரிசோதித்து, பிறகு அதே மூச்சில் "இந்த வலி வந்ததிலிருந்து தூக்கம், மனசு, வேலை எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். "உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று சொன்னால் அவர் திரும்பி வர மாட்டார்.

பழைய கோப்பு எழுதியது:

எல்லோரும் நோயாளியின் பண்பாட்டையே பேசுகிறீர்கள். மருத்துவருக்கு அது கிடையாதா?

1960-களில் நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு என்று எழுதப்பட்டவர்களின் விகிதம் லண்டனைவிட மிக அதிகமாக இருந்தது. இரு நகரத்து நோயாளிகளையும் ஒரே கட்டமைத்த நேர்காணலால் ஒரே குழு மதிப்பிட்டதும் வித்தியாசம் பெருமளவு கரைந்தது. 1972-இல் வந்த அமெரிக்க-பிரிட்டன் நோயறிதல் ஆய்வு இது. வேறுபட்டது நோயாளிகள் அல்ல, மருத்துவர்கள் கற்ற வழக்கம்.

1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதையே ஒரு மனநோயாக்கிப் பெயர் வைத்தார். ஒருபால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973-இல், உலக சுகாதார நிறுவனம் 1990-இல். இன்றைய உதாரணம் வேண்டுமா? நீடித்த துக்கம் நோயாக எப்போது மாறுகிறது என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11 குறைந்தது 6 மாதம் என்கிறது, 2022-இல் திருத்திய டி.எஸ்.எம்-5 பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. இரண்டுமே அந்தச் சமூகத்தின் துக்க வழக்கத்தை மீறியிருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கின்றன. ஆகவே ஓர் ஆண்டு துக்கம் காக்கும் குடும்பத்தில் எட்டாம் மாதம் அழுகிறவருக்கு அந்தப் பெயரை ஒட்டும் முன், அவர் வீட்டில் மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

வழிகாட்டியில் ஆலோசகர் தனக்கே கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வியும் வைக்கலாம்: இதே அறிகுறியோடு என் வர்க்கத்து, என் மொழிக்காரர் ஒருவர் வந்திருந்தால் இதே பெயரைத்தான் எழுதியிருப்பேனா?

கோடைமழை எழுதியது:

அந்தக் கடைசிக் கேள்வி வழிகாட்டியில் ஏறுகிறது. அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் இருக்கிறதே. "அது அவர்கள் நம்பிக்கை" என்று சொல்லி உண்மையான மனச்சிதைவைத் தவறவிடுவது. இறந்தவர் குரல் கேட்கிறது, சாமி வருகிறது என்றால் எங்கே கோடு போடுவது?

மனப்பதிவு எழுதியது:

நம்பிக்கையின் உள்ளடக்கத்தை வைத்து முடிவு செய்யவே முடியாது. ஆட்கொள்ளல் நிலையை, அதாவது சாமியோ ஆவியோ வருவதை, நோயாக எண்ணுவதற்கு ஐ.சி.டி-11 வைக்கும் நிபந்தனைகளை ஒட்டிக் கேள்வி கேளுங்கள். அவர் விரும்பி நடக்கிறதா, அவரை மீறி நடக்கிறதா? அதற்கென்று உள்ள இடத்திலும் நேரத்திலும் மட்டுமா, கடைத்தெருவிலும் வேலையிடத்திலுமா? முடிந்ததும் பழைய நிலைக்கு வருகிறாரா? வேதனையோ, வேலை செய்ய முடியாமையோ உண்டா? அதே வழிபாட்டில் உள்ள மற்றவர்கள் இதைத் தங்கள் வழக்கம் என்று ஒப்புக்கொள்கிறார்களா? இந்தக் கடைசிதான் கூர்மையானது. நம்பிக்கையுள்ள கூட்டமே "இது வேறு மாதிரி இருக்கிறது, பயமாக இருக்கிறது" என்றால் உடனே மருத்துவ மதிப்பீடு. புதிதாக வந்த குழப்பத்துக்குக் காய்ச்சல், வலிப்பு, மருந்து, போதைப்பொருள் காரணமா என்று பார்ப்பதும் அதோடு சேர்த்தி.

நோய் உறுதியான பிறகும் பண்பாடு விலகிவிடுவதில்லை. 2015-இல் லூர்மனும் சகாக்களும் கலிபோர்னியாவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை மூன்றிலும் குரல் கேட்கும் தலா 20 பேரை, மொத்தம் 60 பேரை, நேர்கண்டார்கள். அமெரிக்கர்கள் குரல்களை மூளைக் கோளாறாகவும் வன்முறையாகவும் விவரித்தார்கள். சென்னையில் பலருக்கு அது உறவினர் குரல், அறிவுரையும் ஏச்சும் கலந்தது. அக்ராவில் பலருக்குக் கடவுள் குரல். "குரல் கேட்கிறதா?" என்ற கேள்வியோடு நிறுத்தாமல் "யாருடையது, என்ன உறவு, என்ன செய்யச் சொல்கிறது?" என்று போக வேண்டும். தீங்கு செய்யச் சொல்லும் குரலா என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

மாத்திரைக்கணக்கு எழுதியது:

மருந்துப் பக்கம் அழைத்ததால் வந்தேன். சமூகப் பழக்கம் ரத்தத்தில் மருந்தின் அளவை நேரடியாக மாற்றும் இடங்கள் மட்டும்.

புகையும், மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபினும். புகையில் உள்ள வேதிப்பொருள்கள் கல்லீரலில் சி.ஒய்.பி-1ஏ2 நொதியைத் தூண்டி மருந்தை வேகமாகக் கரைக்கின்றன. புகைபிடிக்கத் தடையுள்ள வார்டில் ஒருவரைச் சேர்த்தால் சில நாளில் தூண்டல் குறைந்து, அதே டோஸில் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும்: மயக்கம், எச்சில் ஒழுகல், வலிப்பு வரை. நிறுத்துவதற்கு முன் ரத்த அளவு பார்த்து, ஒரு வாரத்தில் படிப்படியாக டோஸை முக்கால் பங்குக்குக் கொண்டுவருவது வழக்கம். நிகோட்டின் பட்டை இதைத் தடுக்காது, தூண்டுவது நிகோட்டின் அல்ல, புகை. வீட்டுக்குப் போய் மறுபடி புகைத்தால் அளவு விழுந்து நோய் திரும்பும். "வெளியே போனதும் புகைப்பீர்களா?" என்பது ஒழுக்கக் கேள்வி அல்ல, டோஸ் கேள்வி.

நோன்பும், இருமுனை மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியமும். தண்ணீர் குடிக்காத நோன்பு, உப்பில்லா உணவு, கடும் வெயில் வேலை எல்லாம் லித்தியத்தை ரத்தத்தில் தேக்கும். பராமரிப்பு அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல், 1.5-க்கு மேல் நச்சு. கடைசி டோஸுக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். நோன்பு தொடங்குவதற்கு முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை பாருங்கள். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் அன்றே மருத்துவமனை. ஐபுபுரூபன் வகை வலி மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். "நோன்பு இருக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னால் சொல்லாமல் இருப்பார்கள், அது இன்னும் ஆபத்து.

மூலிகையில் முதலில் கேட்க வேண்டியது செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் மூளை வேதிப்பொருளான செரட்டோனின் ஆபத்தான அளவுக்கு மிகும். கருத்தடை மாத்திரை உட்படப் பலவற்றின் பலனையும் குறைக்கும்.

வலிப்புக்கும் மனநிலைக் கோளாறுக்கும் கொடுக்கும் கார்பமாசெபினும் வம்சாவளியும் பண்பாடு அல்ல, மரபணு. இரண்டையும் குழப்புவதால் இங்கே சொல்கிறேன். எச்.எல்.ஏ-பி 15:02 மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த மருந்தால் உயிரைப் பறிக்கும் தோல் எதிர்வினை வரலாம். சீன ஹான், தென்கிழக்கு ஆசிய வம்சாவளியினரிடம் அது அதிகம் என்பதால் 2007-இல் அமெரிக்க மருந்து ஆணையம் முன்சோதனையைப் பரிந்துரைத்தது. படிவத்தில் "தாய்மொழி" என்று எழுதியிருப்பது இதற்குப் பயன்படாது.

திண்ணைப் பேச்சு எழுதியது:

குடும்பத்தை யாரும் தொடவில்லையே. சிகிச்சைக்குக் கூட்டிவருவதும் நிறுத்துவதும் அவர்கள்தான்.

ஜார்ஜ் பிரவுன் லண்டனில் தொடங்கிய ஆய்வுகளில், மனச்சிதைவுள்ளவர் திரும்பிப் போகும் வீட்டில் குறைகூறல், பகை, அளவுமீறிய கவலை எவ்வளவு என்று ஒலிப்பதிவு நேர்காணலில் எண்ணினார்கள். வான், லெஃப் 1976-இல் வெளியிட்ட ஆய்வு, பிரவுன் குழுவின் முந்தைய தரவையும் சேர்த்துப் பார்த்தபோது, 9 மாதத்தில் நோய் திரும்பியவர்கள் அமைதியான வீட்டில் 13 சதவீதம், கொந்தளிப்பான வீட்டில் 51. கொந்தளிப்பான வீட்டிலும் வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருந்தவர்களிடம் 69, அதற்குக் குறைவென்றால் 28. ஆக, மாற்ற வேண்டியது இரண்டு: பேசும் விதம், சேர்ந்திருக்கும் நேரம். பகல்நேர மையம், பகுதிநேர வேலை, உறவினர் வீடு என்று எதுவானாலும் அந்த 35-ஐக் குறைக்கும்.

இங்கேயும் அளவுகோலுக்கு ஓர் ஊர் உண்டு. "அளவுமீறிய கவலை" என்பதை எண்ணும்போது வயதுவந்த மகனுக்குத் தாய் ஊட்டிவிடுவது, கூடவே படுத்துக்கொள்வது எல்லாம் மதிப்பெண் பெறும். அது வழக்கமாக உள்ள சமூகத்தில் அந்த எண் பெரிதாக எதையும் முன்னறிவிக்காது. குறைகூறலும் பகையும்தான் ஊர் மாறினாலும் பெரும்பாலும் நிற்கின்றன. அதனால் குடும்பத்திடம் "தள்ளி நில்லுங்கள்" என்ற பொது அறிவுரை வேண்டாம். "சோம்பேறி" என்று திட்டுவதை, மனச்சிதைவில் ஊக்கம் வடிந்துபோவதும் நோயின் அறிகுறிதான் என்று விளக்கிக் குறையுங்கள். குறைகூறல் பெரும்பாலும் நோயாளி வேண்டுமென்றே செய்கிறார் என்ற எண்ணத்திலிருந்து வருகிறது.

களவேலை எழுதியது:

சிகிச்சையை ஊரின் வடிவத்துக்கு மாற்றியவர்கள் செய்ததைப் பார்ப்போம். மூன்று சோதனைகள், மூன்று வேறு சூட்சுமம்.

ஜிம்பாப்வேயின் ஹராரேயில் நட்பு இருக்கை. மருத்துவமனை வளாகத்தில் ஒரு மர இருக்கை, பயிற்சி பெற்ற மூத்த பெண்கள், 6 அமர்வு. மக்கள் தாங்களே "அதிகம் யோசிப்பது" என்று சொல்லும் துன்பத்தை அடிப்படையாக வைத்து, உள்ளூரில் உருவான 14 கேள்வி வினாத்தாள். முறை சிக்கல் தீர்த்தல்: பிரச்சினைகளைப் பட்டியலிட்டு, ஒன்றை மட்டும் தேர்ந்து, செய்யக்கூடிய அடியாக உடைத்து, அடுத்த வாரம் பார்ப்பது. 2016-இல் வெளியான சோதனையில் 24 மருத்துவ நிலையங்கள், 573 பேர். 6 மாதத்தில் சராசரி மதிப்பெண் 3.81, வழக்கமான கவனிப்பில் 8.90 (குறைந்தால் துன்பம் குறைவு). ஒன்றைத் தேர்வதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். கேட்பவர் தனக்குப் பெரிதாகப் பட்டதைத் தேர்ந்துவிடுவார், வந்தவருக்கு நாளை கட்ட வேண்டிய வாடகை பெரிது.

பாகிஸ்தானில் கருவுற்ற, குழந்தை பெற்ற தாய்மாருக்கான திட்டம், 2008. பெண் சுகாதாரப் பணியாளர்கள் 16 அமர்வு, வீட்டிலேயே. "மனச்சோர்வு" என்று போகவில்லை, குழந்தையின் வளர்ச்சி என்று போனார்கள். மாமியார் கதவைத் திறந்தார், குடும்பமே உட்கார்ந்தது. 6 மாதத்தில் மனச்சோர்வு 23 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 53.

உகாண்டாவில் 30 கிராமம், வாரம் 90 நிமிடம், 16 வாரக் குழுச் சிகிச்சை, 2003-இல் வெளியானது. நடத்தியவர்கள் இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆண் குழு, பெண் குழு தனி. மனச்சோர்வு 86 சதவீதத்திலிருந்து 6.5-க்கு வந்தது. ஒப்பீட்டுக் கிராமங்களில் 94-லிருந்து 54.7.

அடுத்தவர்கள் நகலெடுக்கும்போது இருக்கையைப் போடுவார்கள், மூத்த பெண்களுக்கான வாராந்தர மேற்பார்வையை விட்டுவிடுவார்கள். தற்கொலை எண்ணம் சொன்னால் அன்றே யாரிடம் அனுப்புவது என்ற சங்கிலி இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.

கோயில், தர்கா, பிரார்த்தனைக் கூடம் பற்றி: 2018-இல் வெளியான கானா சோதனையில், பிரார்த்தனை முகாமிலேயே மருந்து கொடுத்தார்கள். அறிகுறி குறைந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நாள்கள் குறையவில்லை. மருந்து கொண்டுபோனால் சங்கிலி தானாக அவிழாது. அதைத் தனியாகப் பேச வேண்டும்: ஆள் ஓடிவிடுவார் என்ற பயத்துக்கு மாற்று ஏற்பாடு, இரவில் யார் பார்ப்பார், கொந்தளித்தால் யாரைக் கூப்பிடுவது. வழிபாடு தொடரலாம், கட்டுதல், அடித்தல், பட்டினி போடுதல், மருந்தை நிறுத்துதல் நான்கும் கூடாது. இந்த எல்லையை முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் உறவைத் தொடங்க வேண்டும்.

வழிப்போக்கன் எழுதியது:

உடல்வலி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களங்கத்துக்கு ஒரே மருந்து "இதுவும் சர்க்கரை நோய் மாதிரி ஒரு மூளை நோய்தான்" என்று சொல்வது அல்லவா? அதில் என்ன பண்பாடு?

பழைய கோப்பு எழுதியது:

பாதி பலிக்கும், பாதி திருப்பி அடிக்கும். உயிரியல் விளக்கம் கேட்டவர்கள் நோயாளியைக் குறைவாகப் பழிக்கிறார்கள். கூடவே இது மாறாது, ஆள் ஆபத்தானவர் என்ற எண்ணம் கூடுகிறது என்று தொகுப்பாய்வுகள் காட்டியிருக்கின்றன. பரம்பரையைப் பார்த்துச் சம்பந்தம் பேசும் குடும்பத்தில் "மரபணு" என்ற சொல் உடன்பிறந்தவர்களையும் சேர்த்து ஒதுக்கும். தேறி வேலைக்குப் போகிறவரை நேரில் சந்திக்க வைப்பது துண்டுப்பிரசுரத்தைவிட மேல்.

புள்ளிவிவரப் புலி எழுதியது:

ஒரு சண்டை பாக்கி. இந்த மாதிரி விவாதங்களில் கடைசியில் யாராவது "ஏழை நாடுகளில் மனச்சிதைவு சீக்கிரம் குணமாகிறது, கூட்டுக் குடும்பத்தின் பலம்" என்று ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளில் நைஜீரியாவின் இபாடான், இந்தியாவின் ஆக்ரா, கொலம்பியாவின் காலி போன்ற மையங்களில் போக்கு நன்றாக இருந்தது உண்மை. 2008-இல் கோஹன், படேல், தாரா, குரேஜே நால்வரும் 11 நாடுகளின் 23 ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, படம் அவ்வளவு ஒரே மாதிரி இல்லை என்று காட்டினார்கள்: சிகிச்சையே கிடைக்காதவர்கள், இறந்தவர்கள், மணமும் வேலையும் இடத்துக்கு இடம் வேறுபடுவது.

பண்பாடு என்ற பெயரில் வறுமையை மறைப்பதும் இதே குடும்பம்தான். இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்குப் பண உதவி கொடுத்த பகுதிகளில் தற்கொலை சுமார் 18 சதவீதம் குறைந்தது. சந்திப்புக்கு வராதவரைப் பற்றி "நம்பிக்கை இல்லை" என்று எழுதும் முன் பஸ் காசையும், போன அரைநாள் கூலியையும் கேளுங்கள். 13-ஆவது கேள்வி, எது தடுத்தது என்பது. மனப்பதிவு தன் ஐந்தில் அதை விட்டுவிட்டார்.

மனப்பதிவு எழுதியது:

நியாயம். 13-ஐ 12-ஓடு சேர்த்து ஒரே மூச்சில் கேட்கலாம்: "யாரிடமெல்லாம் போனீர்கள், போக நினைத்தும் போகாமல் போனது எங்கே, ஏன்?"

கோடைமழை எழுதியது:

முதல் பக்கத்தின் நகல் இதுதான், பார்த்துச் சொல்லுங்கள்.

முதல் 10 நிமிடம்: உடல் புகார், அவர் சொல்லும் வரிசையிலேயே. அடுத்த 15 நிமிடம்: 2, 3, 5, 12-உடன் 13. அடுத்த 10 நிமிடம்: தூக்கம், மனநிலை, குரல், தற்கொலை எண்ணம், போதை, புகை, நோன்பு, மூலிகை. இந்தப் பகுதியில் குடும்பம் வெளியே. கடைசி 10 நிமிடம்: 16-ஆம் கேள்வி, திட்டம், இரண்டு கால அளவு, ரகசியக் காப்பு. மொழிபெயர்ப்பாளர் இருந்தால் எல்லாம் இரட்டிப்பு.

மூன்றாம் நாற்காலி எழுதியது:

இரண்டு திருத்தம். ரகசியக் காப்பைக் கடைசியில் வைத்தால் அதற்கு முன் சொன்னதெல்லாம் பாதிதான். முதல் நிமிடத்துக்கு நகர்த்துங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ரகசியம் உடைபடும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, 5-ஆம் கேள்வியின் பதிலை நோயாளியின் சொந்தச் சொல்லில், மேற்கோள் குறிக்குள் எழுதச் சொல்லுங்கள். "மாந்திரீக நம்பிக்கை உள்ளவர்" என்று எழுதினால் அடுத்த ஆலோசகர் அதைப் படித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். "மாமியார் ஏதோ வைத்துவிட்டார் என்று அக்கா சொல்கிறார், எனக்குத் தெரியவில்லை" என்று அவர் சொன்னதை எழுதினால், பேச இன்னும் இடம் இருக்கிறது.

கோடைமழை எழுதியது:

இரண்டும் ஏற்றாயிற்று. 16-ஆம் கேள்விக்கு எல்லோரும் "அப்படி ஒன்றும் இல்லை" என்றே சொன்னால்?

மனப்பதிவு எழுதியது:

முதல் நாள் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த சந்திப்பில் வேறு மாதிரி கேளுங்கள்: "போன முறை நான் சொன்னதில் எது உங்களுக்கு ஒத்துவரவில்லை? வீட்டில் போய் யாரிடமாவது சொன்னீர்களா, அவர்கள் என்ன சொன்னார்கள்?"